பட்டாணித் தோட்டத்துத் துறவி: கிரிகோர் மெண்டல்

ஒரு குழந்தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு சாயலைப் பற்றியதே. மூக்கு தந்தையுடையது, கண் தாயுடையது, நெற்றியோ மறைந்த பாட்டனாரையே உரித்து வைத்தாற்போல் உள்ளது என்று ஆளுக்கொன்று கூறுவர். தந்தையிடத்துக் காணப்படாத ஒன்று பேரனிடத்துத் தோன்றுவது எங்ஙனம்? இடைப்பட்ட காலத்தில் அஃது எங்கே ஒளிந்திருந்தது? இவ்வினாவை மக்கள் நெடுங்காலமாகவே கேட்டு வந்தனர். விடையைத் தேடி, எண்ணிக் கணக்கிட்டுக் கண்டவர் ஒரு குடியானவரின் மகன், தற்காலிக ஆசிரியர், கிறித்துவத் துறவி. அவர் கையாண்ட கருவியோ நாம் கடையில் நிறுத்து வாங்கும் பட்டாணி. அவருடைய வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கு எழுதுகின்றோம்.

1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அக்காலத்து ஆஸ்திரியப் பேரரசில் அடங்கியிருந்த சிலேசியா நாட்டின் ஹைன்சென்டோர்ஃப் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் யோகான். தந்தையார் ஆன்டன் மெண்டல், தாயார் ரோசின். மூத்தவள் வெரோனிக்கா, இளையவள் தெரேசியா. இருவருக்கும் இடையே யோகான் ஒரே ஆண்மகன்.

ஆன்டனுக்குச் சிறு நிலம் இருந்தது. ஆயினும் அவர் தம் விருப்பப்படி உழைக்க இயலாது. வாரத்தில் மூன்று நாள் பண்ணையாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். எஞ்சிய நாள்களிலேதான் தம் வயலையும் பழத்தோட்டத்தையும் கவனிக்க முடியும். அவருக்குப் பழமரங்களில் ஒட்டுக் கட்டுவதில் மிக்க ஈடுபாடு உண்டு. சிறுவன் யோகானும் தந்தையுடன் தோட்டத்தில் நின்று கிளையை வெட்டவும் ஒட்டவும் பழகினான். ஊர்ப் பள்ளியிலும் எழுத்தும் கணக்கும் மட்டுமன்றி, பழமரம் வளர்த்தலும் தேனீ வளர்த்தலும் கற்பித்தனர். பிற்காலத்து ஆராய்ச்சிக்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

படிப்பில் சிறந்த மாணவனை ஆசிரியர்கள் கண்டு கொண்டனர். பதினொன்றாம் அகவையில் லைப்னிக் என்னும் ஊரிலுள்ள பள்ளிக்கும், மறு ஆண்டு துரோப்பாவ் நகரத்து உயர்நிலைப்பள்ளிக்கும் அவன் அனுப்பப்பட்டான். விடுதியில் முழு உணவுக்குப் பணம் கட்டப் பெற்றோரால் இயலவில்லை. அரை உணவுக்கே கட்டினர். வளரும் பிள்ளை அரை வயிற்றுடன் ஆண்டுக்கணக்கில் படித்தான்.

1838ஆம் ஆண்டில் பெருந்துன்பம் நேர்ந்தது. பண்ணையாரின் காட்டில் கட்டாய வேலை செய்துகொண்டிருந்தபோது, மரம் ஒன்று மேலே விழுந்து ஆன்டனின் மார்பு நசுங்கியது. உயிர் தப்பிய போதிலும், பழைய உடல் வலிமை திரும்பவில்லை. அந்தக் கட்டாய வேலைச் சட்டம் ஒழிந்தது 1848இல். ஆன்டனுக்கு அது பத்தாண்டு பிந்தி வந்த விடுதலை. வீட்டிலிருந்து உதவி வருவது நின்றது. பதினாறே வயதான யோகான் பிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டான். பின்னர் ஓல்முட்ஸ் நகரக் கல்லூரியில் சேர்ந்தபோது, தெரிந்தவர் எவரும் இல்லாமையால் அந்த வருமானமும் கிட்டவில்லை. கவலையும் பசியும் சேர்ந்து நோயில் தள்ளின. ஓராண்டு வீட்டிலேயே கிடந்தான்.

இந்த நேரத்திலேதான் தங்கை தெரேசியா முன்வந்தாள். தனக்கெனக் குறித்து வைக்கப்பட்டிருந்த சீர்ப்பணத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்பிற்குக் கொடுத்துவிட்டாள். உலகப் புகழ்பெற்ற அறிவியலறிஞர்களின் வரலாறுகளைப் படிக்கும்போது அவர்தம் ஆசிரியர்களின் பெயர்களே நம் கண்ணில் படுகின்றன. தெரேசியாவின் பெயரையும் அவற்றோடு சேர்த்தே நாம் எழுத விரும்புகின்றோம்.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் வாழ வழி தேடவேண்டியிருந்தது. பௌதிக ஆசிரியர் ஃபிரான்ஸ் என்பார் பரிந்துரைத்ததன் பேரில், 1843 அக்டோபரில் புருன் நகரத்துத் தூய தாமஸ் மடத்தில் யோகான் சேர்ந்தார். இன்று அந்நகரை புர்னோ என்பர். துறவறத்தில் ஏற்ற பெயரே கிரிகோர். அம்மடம் வழிபாட்டிற்கு மட்டும் உரிய இடமன்று. பெரிய நூலகமும் தோட்டமும் அங்கு இருந்தன. மடத்துத் துறவியர் பலர் பள்ளிகளில் கற்பித்தனர். மடத்தலைவர் சிரில் நேப், ஆட்டு மந்தைகளைச் சீர்படுத்தும் முறைகளிலும் பழமர வளர்ப்பிலும் மிக்க அக்கறை கொண்டவர்.

1847இல் குருப்பட்டம் பெற்ற மெண்டல் நோயாளிகளைக் கண்டு ஆறுதல் கூறும் பணிக்கு அமர்த்தப்பட்டார். பிறர் படும் வேதனையைக் கண்டு தாமே நோயுறும் அளவிற்கு அவர் உள்ளம் மென்மையானது. நேப் அதனை உணர்ந்து, 1849இல் ஸ்னைம் என்னும் ஊரிலுள்ள பள்ளிக்குத் துணையாசிரியராக அனுப்பினார். கற்பித்தல் அவருக்கு இயல்பாக வந்தது, மாணவர்கள் விரும்பினர். நிலையான ஆசிரியராவதற்குத் தேர்வெழுத வேண்டுமே! 1850இல் எழுதினார், விலங்கியலிலும் நிலவியலிலும் போதிய மதிப்பெண் இன்றித் தோற்றார். மடம் அவரைக் கைவிடவில்லை. 1851 முதல் 1853 வரை வியன்னாப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தது. அங்கே டாப்ளரிடம் பௌதிகமும், உங்கரிடம் தாவரவியலும் கற்றார். எண்களைக் கொண்டு இயற்கையை அளக்கும் பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது. ஆயினும் 1856இல் இரண்டாம் முறை தேர்வுக்குச் சென்றபோது உடல்நலம் கெட்டு, முடிக்காமலே திரும்பினார். 1854 முதல் 1868 வரை புருன் நகரத்துப் பள்ளியில் பணியாற்றிய பதினான்கு ஆண்டுகளும் அவர் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார்.

தேர்வில் தோற்றுத் திரும்பிய அதே 1856ஆம் ஆண்டிலேயே பட்டாணி ஆராய்ச்சி தொடங்கியது. மடத்தின் பின்புறத்தில் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் இருந்தது. நம் தோட்டத்து வீடுகளின் கொல்லைப்புறங்கள் சிலவற்றைச் சேர்த்தாற்போன்ற அளவே. விதைக் கடைகளிலிருந்து 34 வகைப் பட்டாணிகளை வாங்கி, அவை ஆண்டுதோறும் மாறாமல் தம்மைப் போன்ற செடிகளையே தருகின்றனவா என்று இரண்டாண்டு சோதித்தார். பின்னர் 22 வகைகளை வைத்துக்கொண்டார்.

பட்டாணியை அவர் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. அதன் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே மடலுக்குள் மூடிக்கிடக்கின்றன. ஆதலின் வெளி மகரந்தம் எளிதில் நுழையாது, செடி தன் மகரந்தத்தாலேயே கருவுறும். நாம் வேறொன்றுடன் கலக்க விரும்பினால், மொட்டு முதிருமுன் அதனை மெல்லத் திறந்து, மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் அகற்றிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, பூவை உறையிட்டுக் காக்கவேண்டும். இதனை ஒரு பூவுக்குச் செய்யவே பொறுமை வேண்டும். மெண்டல் எட்டு ஆண்டுகளில் சுமார் 28,000 செடிகளை வளர்த்தார் என்று கணக்கிட்டுள்ளனர்.

அவருக்கு முன்னரும் செடிகளைக் கலந்தவர் பலர் உண்டு. அவர்கள் செடியை முழுமையாக நோக்கிக் குழம்பினர். மெண்டலோ ஏழு பண்புகளை மட்டும் பிரித்தெடுத்து ஒவ்வொன்றாக நோக்கினார். விதை உருண்டையா, சுருக்கம் விழுந்ததா, விதையின் உட்பகுதி மஞ்சளா, பச்சையா, செடி நெட்டையா, குட்டையா, இப்படி. அத்துடன், கிடைத்தவற்றை ஒன்றுவிடாமல் எண்ணினார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். கிடைத்த விதைகள் யாவும் உருண்டையே. சுருக்கம் அழிந்துவிட்டதோ? அவ்விதைகளை நட்டு, தாமே கருவுற விட்டார். அடுத்த அறுவடையில் 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மஞ்சளும் பச்சையும் கலந்தபோது 6,022 மஞ்சள், 2,001 பச்சை. அங்கும் மூன்றுக்கு ஒன்றே. ஏழு பண்புகளிலும் இதே விகிதம் வந்தது.

அக்காலத்தார், தாய் தந்தையரின் பண்புகள் பாலும் நீரும் போலக் கலந்துவிடும் என்று எண்ணியிருந்தனர். பாலில் நீர் கலந்தபின் பிரிக்க இயலாது. மெண்டல் கண்டதோ நெல்லும் பயறும் ஒரு மூட்டையில் கிடப்பது போன்ற நிலை. ஒன்று மற்றொன்றை மறைக்கலாம். ஆனால் ஒன்று மற்றொன்றாகிவிடுவதில்லை.

இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஒவ்வொரு பண்புக்கும் ஒவ்வோர் உயிரிடத்தும் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. இன்று நாம் அவற்றை மரபணு என்கிறோம். உருண்டைக்குரியதை ‘உ’ என்றும், சுருக்கத்திற்குரியதை ‘சு’ என்றும் வைத்துக்கொள்வோம். மெண்டல் முதலில் எடுத்த உருண்டைச் செடியிடம் இருந்தவை ‘உ-உ’. சுருங்கிய செடியிடம் ‘சு-சு’. இவ்வாறு இரண்டும் ஒன்றாயிருப்பதை ஒத்த இணை என்போம். அறிவியல் நூல்கள் ஹோமோசைகஸ் என்கின்றன. இவ்விரண்டையும் கலந்தால் பிள்ளைச் செடி ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ‘உ-சு’ என்றே அமையும். இது கலப்பு இணை. ஹெட்டரோசைகஸ் என்பது அதன் அறிவியற் பெயர். ‘உ’ ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகிவிடும். ஆதலின் ‘சு’ வெளியே தெரியாமல் அடங்கிக் கிடக்கும். ‘உ’ ஓங்கு பண்பு, ‘சு’ ஒடுங்கு பண்பு.

இரு ‘உ-சு’ செடிகளின் பிள்ளைகள் எப்படியிருக்கும்? மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு 10 காசு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ‘உ’, மறுபக்கம் ‘சு’. இரண்டையும் ஒருங்கே 100 முறை சுண்டி எழுதி வாருங்கள். ஏறக்குறைய 25 முறை ‘உ-உ’, 50 முறை ‘உ-சு’, 25 முறை ‘சு-சு’ வரும். முதலிரண்டும் கண்ணுக்கு உருண்டை. கடைசி ஒன்றே சுருக்கம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கின் மறைபொருள் இதுதான். பத்து முறை மட்டும் சுண்டிவிட்டுக் கணக்குச் சரியில்லை என்று கூறவேண்டா; மெண்டல் ஆயிரக்கணக்கில் எண்ணியதன் காரணமும் அதுவே.

கணக்கு அழகாக உள்ளது, உண்மையா? இங்கேதான் அவருடைய கூர்மை வெளிப்படுகின்றது. உருண்டை விதைகளுள் மூன்றில் ஒன்று ஒத்த இணை, மூன்றில் இரண்டு கலப்பு இணை என்றால், பார்வையில் வேற்றுமை காண இயலாது. ஆனால் விதைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமன்றோ! உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் உருண்டையும் சுருக்கமும் கலந்து தந்தன. ஒன்றுக்கு இரண்டு! தோற்றம் ஒன்றாயினும் உள்ளிருப்பது வேறு என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு பெற்றோரை அறியும் இம்முறையால் நிலைநாட்டினார். இரண்டு பண்புகளை ஒருங்கே நோக்கியபோது அவை ஒன்றையொன்று பற்றாமல் தனித்தனியே பிரிந்து சென்றதையும் கண்டார். அக்கணக்கு நீளும் என்பதால் இங்கு விடுக்கின்றோம்.

(1936இல் ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர், மெண்டலின் எண்கள் எதிர்பார்ப்புக்கு மிக மிக நெருங்கி உள்ளனவே என்று ஐயம் எழுப்பினார். அதைப்பற்றிய வாதம் நெடுநாள் நடந்தது. எனினும் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கும் மூன்றுக்கு ஒன்றே கிடைத்தது.)

1865 பிப்ரவரி 8ஆம் நாளும் மார்ச் 8ஆம் நாளும் புருன் இயற்கை அறிவியற் கழகத்தில் மெண்டல் தம் ஆய்வை வாசித்தார். மறு ஆண்டு கழகத்தின் இதழில் அச்சாயிற்று. தனிப்படிகள் 40 பெற்று, அறிஞர் சிலருக்கு அனுப்பி வைத்தார். உலகம் அசையவில்லை. தாவரவியலில் கணிதத்தைக் காண அன்றைய அறிஞர்கள் பழகியிருக்கவில்லை. மியூனிக் நகரப் பேராசிரியர் நேகெலி மட்டும் மறுமொழி எழுதினார்; அவரும் ஐயத்துடனேயே எழுதினார். ஹாக்வீட் என்னும் மஞ்சள் பூச்செடியில் ஆராயுமாறு தூண்டினார். அது மெண்டலுக்கு நேர்ந்த பெருங்கேடு என்றே நாம் கருதுகின்றோம். அச்செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை தரும். பிள்ளை முழுவதும் தாயின் படியே. இஃது அன்று எவருக்கும் தெரியாது. நுண்ணிய பூக்களைக் கண்ணாடி வில்லையால் நோக்கி நோக்கிக் கண் கெட்டதேயன்றி, பட்டாணியின் விதி அதில் வெளிப்படவில்லை.

1868இல் நேப்புக்குப்பின் மெண்டல் மடத்தலைவரானார். அரை உணவில் படித்த பிள்ளை ஒரு பெரிய மடத்தின் தலைவர் ஆனார். வந்த வசதியைக் கொண்டு அவர் முதலில் நினைத்தது தங்கையையே. தெரேசியாவின் மூன்று புதல்வர்களையும் தம் செலவில் படிக்க வைத்தார். அவர்களுள் இருவர் மருத்துவராயினர். சீர்ப்பணம் இவ்வாறு வட்டியும் முதலுமாகத் திரும்பியது.

ஆராய்ச்சிக்கு மட்டும் நேரம் கிட்டவில்லை. 1874இல் மடங்களின் மீது அரசு விதித்த வரியை அநீதி என்று கருதி, இறுதிவரை செலுத்த மறுத்துப் போராடினார். நண்பர்கள் விட்டுக்கொடுக்கச் சொல்லியும் கேளாத அவர், பெரிதும் தனிமைப்பட்டார். தேனீக்களை வளர்ப்பதும், நாள்தோறும் மழையையும் வெப்பத்தையும் அளந்து குறிப்பதுமே ஆறுதலாயின. 1884 ஜனவரி 6ஆம் நாள், சிறுநீரக நோயால், 61ஆம் வயதில் மறைந்தார். நகர மக்கள் திரண்டு வந்து அழுதனர். நல்ல துறவிக்காக அழுதனர். அறிவியல் மேதை ஒருவரை இழந்தோம் என்று அவர்களுள் எவரும் அறியார். அவருடைய தாள்களில் பெரும்பகுதி பின்னர் எரிக்கப்பட்டது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1900இல் ஹாலந்து நாட்டு டி விரீஸ், ஜெர்மனியின் கோரன்ஸ், ஆஸ்திரியாவின் செர்மாக் ஆகிய மூவர் ஒரே ஆண்டில் அதே விதிகளை வெளியிட்டனர். பழைய ஏடுகளைப் புரட்டியபோது, 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி யாவற்றையும் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. இங்கிலாந்தின் பேட்சன் அவருடைய கொள்கையைப் பரப்பினார். 1902இல் ஹோமோசைகஸ், ஹெட்டரோசைகஸ் என்னும் கருத்துகளுக்குப் பெயரிட்டவரும் அவரே. 1910இல் புருன் நகரில் மெண்டலுக்குச் சிலை எழுந்தது. சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பது 1990இல் தெளிவாயிற்று. ‘சு’ என்பது பழுதுபட்ட மரபணு; மாவுச்சத்தைச் சரிவர அமைக்கும் நொதியை அதனால் உண்டாக்க இயலாது. அதனால் விதையில் சர்க்கரை மிகுந்து நீரை ஈர்க்கின்றது. காயும்போது தோல் சுருங்குகின்றது. பழுதில்லாத ‘உ’ ஒன்றிருந்தாலும் வேலை நடந்துவிடும். 2021இல் மெண்டலின் எலும்புகளையே தோண்டியெடுத்து, அவருடைய மரபணுக்களையும் அறிஞர்கள் ஆராய்ந்தனர்!

முகச்சாயல் ஒரே மரபணுவால் அமைவதன்று. பல சேர்ந்து இயற்றுவது. ஆதலின் பாட்டனாரின் மூக்குக்கு இவ்வளவு எளிய கணக்குப் போட இயலாது. ஆனால் பெற்றோர்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒரு கணக்கு உண்டு. தாலசீமியா என்னும் இரத்த நோய் நம் நாட்டில் மிகுதி. அந்நோய்க்குரிய மரபணு ஒன்று மட்டும் உடையவர், அதாவது கலப்பு இணையினர், பொதுவாக நலமாகவே வாழ்வர். தம்மிடம் அஃது இருப்பதையும் அறியார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வாராது என்று எண்ணுவது தவறு. நாணயம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே சுண்டப்படுகின்றது. இரத்தப் பரிசோதனையால் இதனை முன்னரே அறியலாம். 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இப்பரிசோதனை நம் நாட்டில் தொடங்கப்பட்டது.

இனி நம் கண்ணெதிரே நிற்கும் செம்பனைக்கு வருவோம். செம்பனைப் பழத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஓடு தெரியும். துரா என்னும் வகையில் ஓடு தடித்தது, சதை குறைவு. பிசிஃபெரா என்னும் வகையில் ஓடே இல்லை. ஆனால் பெண் குலைகள் பெரும்பாலும் பழுக்காமல் அழுகிவிடும். இரண்டும் ஒத்த இணைகள். இரண்டையும் கலந்தால் கிடைப்பதே தெனரா. ஓடு மெல்லியது, சதை மிகுதி, எண்ணெயும் துராவைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதல். தெனரா கலப்பு இணை என்பதை 1941இல் காங்கோவில் பணியாற்றிய பெல்ஜிய அறிஞர்கள் காட்டினர். 1960ஆம் ஆண்டுகள் முதல் நம் நாட்டில் துரா மாறித் தெனரா வந்தது. ஓட்டுக்குரிய மரபணுவை 2013இல் கண்டுபிடித்த குழுவில் மலேசியச் செம்பனை வாரியத்தின் அறிஞர்களே முன்னின்றனர்.

உதிரிப்பழம் விழுந்த இடத்தில் கன்றுகள் தாமே முளைத்து நிற்பதைத் தோட்டத்தில் அன்றாடம் காண்கின்றோம். செழிப்பாயிருக்கும் அக்கன்றுகளை நடாமல் நாற்றுப்பண்ணையிலிருந்து காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்போர் உண்டு. தெனராவும் தெனராவும் சேர்ந்து பிறந்த கன்றுகளுள் நான்கில் ஒன்று துரா, நான்கில் ஒன்று பிசிஃபெரா, பாதியே தெனரா. எது எதுவென்று கன்றைப் பார்த்துக் கூற இயலாது. குலை தள்ளும் வரை ஆண்டுக்கணக்கில் உரமிட்டுக் காத்திருந்த பிறகே தெரியும். அதனாலேயே விதைப் பண்ணைகளில், துரா மரத்தின் பெண் பூங்குலை விரியுமுன் அதற்கு உறையிட்டுக் கட்டி, பிசிஃபெராவின் மகரந்தத்தை உள்ளே தூவி, விதை எடுக்கின்றனர். அவ்விதைகள் யாவும் தெனராவே.